பன்னிரண்டு நிமிடங்கள்

அதிகாலை ஐந்தரை மணிக்கு எங்கள் ஊர் நகராட்சி மைதானத்தில் விசில் ஒலிக்கும். காவலர் தேர்வுக்குத் தயாராகும் பையன்கள் இருபது முப்பது பேர், சிலர் வெறுங்காலோடும் சிலர் பழைய கான்வாஸ் காலணிகளோடும், செம்மண் பாதையில் வட்டமடிக்கத் தொடங்குவார்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்திற்குள் ஓடி முடிக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஓய்வுபெற்ற ஒருவர் கையில் ஒரு நிறுத்துக்கடிகாரமும் இடுக்கில் ஒரு நீளமான நோட்டுப் புத்தகமுமாக நின்றிருப்பார். ஓடி முடித்தவன் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கையில் அவர் ஒரு எண்ணைச் சொல்வார். அந்த எண்ணைக் கேட்கும்போது அந்தப் பையனின் முகத்தில் தோன்றும் உணர்ச்சியைப் பார்க்கக் கூச்சப்பட்டு நான் நடையைத் துரிதப்படுத்திவிடுவேன்.

ஓட்டப்பந்தயம் பழமையானது. அங்கே ஒருவன் இன்னொருவனை முந்துகிறான். இந்த மைதானத்தில் நடப்பது அதுவல்ல. இங்கே ஒவ்வொருவனும் தனியாக ஒரு எண்ணோடு ஓடுகிறான். பக்கத்தில் ஓடுபவனை முந்தினாலும் எண்ணிடம் தோற்றுப்போகலாம். ஓட்டத்தை நேரத்தால் வகுத்து அதில் ஓர் உடலின் தகுதியைக் காண முடியும் என்ற எண்ணம் உருவாகி ஏறக்குறைய நூறாண்டுதான் ஆகிறது. அதன் கதை நான் நினைத்ததைவிடச் சிக்கலானது.

*

தொடக்கம் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், 1920களின் முற்பகுதியில். ஆர்க்கிபால்ட் விவியன் ஹில் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து உடலியலுக்கு வந்தவர். தசை சுருங்கும்போது வெளிப்படும் வெப்பத்தை அளந்ததற்காக 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசை ஜெர்மானியரான ஓட்டோ மெயர்ஹோஃபுடன் பகிர்ந்துகொண்டவர். தவளையின் தசையில் கண்டதை முழு மனிதனில் காண விரும்பிய அவர், சோதனைக்கு எடுத்துக்கொண்ட உடல்களில் முதன்மையானது அவருடையதே. இளமையில் நல்ல ஓட்டக்காரராக இருந்த அவருக்கு அப்போது வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது.

காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதுகில் காற்றுப்புகாத பெரிய பை. வாயில் குழாய். மூக்கில் ஒரு கிளிப். ஒரு பேராசிரியர் இந்தக் கோலத்தில் புல்தரையில் வட்டமாகச் சீரான வேகத்தில் ஓடுகிறார். குறித்த நேரத்தில் குழாயின் திருகைத் திருப்பினால் அவர் வெளிவிடும் மூச்சு பைக்குள் சேரும். பிறகு அந்தக் காற்றைப் பகுத்துப் பார்த்து, உள்ளே போன பிராணவாயுவில் உடல் எவ்வளவை எடுத்துக்கொண்டது என்று கணக்கிடுவார்கள். வேகம் கூடக்கூட உடல் எடுத்துக்கொள்ளும் பிராணவாயுவும் கூடியது. ஆனால் ஒரு கட்டத்திற்கு மேல் கூடவில்லை. ஹில்லின் உடலில் அது நிமிடத்திற்கு ஏறக்குறைய 4 லிட்டரில் நின்றுவிட்டது. அதற்கு மேலும் வேகமாக ஓட முடிந்தது. ஆனால் அந்த அதிகப்படி வேகத்திற்கான ஆற்றல் வேறெங்கிருந்தோ வந்தது. ஹார்ட்லி லப்டனுடன் சேர்ந்து 1923இல் அவர் வெளியிட்ட கட்டுரை இந்த உச்சவரம்பைப் பற்றியது.

அந்த 'வேறெங்கிருந்தோ'வுக்கு ஹில் வைத்த பெயர் 'பிராணவாயுக் கடன்'. கடன் வாங்கி ஓடுகிறோம், ஓட்டம் முடிந்தபின் மூச்சிரைத்து அடைக்கிறோம். கந்துவட்டிக்குப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு இதைவிடத் தெளிவாக உடலியலை விளக்கிவிட முடியாது. கடனின் வேதியியலைப் பற்றி ஹில் சொன்ன பலவும் பின்னாளில் திருத்தப்பட்டன. உச்சவரம்பு என்ற கருத்து மட்டும் நிலைத்தது. ஒருவர் தம் எடையில் கிலோவுக்கு, நிமிடத்திற்கு, எத்தனை மில்லிலிட்டர் பிராணவாயுவை அதிகபட்சமாகப் பயன்படுத்த முடியும் என்பதே இன்றும் தாங்குதிறனின் அளவுகோல். சாதாரண இளைஞனுக்கு 40 அல்லது 45. உலகத்தரப் பனிச்சறுக்கு வீரர்களில் சிலருக்கு 80க்கும் மேல். நுரையீரல், இதயம், இரத்தம், தசை ஆகிய நான்கும் சேர்ந்து இழுக்கும் தேரின் வேகம் அது.

(ஹில் 1943-44இல் இந்தியாவுக்கு வந்து, இந்நாட்டின் அறிவியல் ஆராய்ச்சியை எப்படி ஒழுங்கமைக்கலாம் என்று அரசுக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தார். இக்கட்டுரைக்கு அதனால் பயனில்லை. எனினும் சொல்லாமல் விட மனமில்லை.)

*

அளவுகோல் கிடைத்தது. ஆனால் அதைப் பயன்படுத்த ஆய்வகம் வேண்டும், பை வேண்டும், வாயுக்களைப் பகுக்கத் தெரிந்த ஆள் வேண்டும். ஒரு நாளைக்கு நாலைந்து பேரை அளக்கலாம். இரண்டாம் உலகப்போரோ ஆயிரக்கணக்கானோரின் உடல்களைத் தரம்பிரிக்கச் சொன்னது. ஹார்வர்டின் 'களைப்பு ஆய்வகம்' (1927இல் தொடங்கி 1947இல் மூடப்பட்ட அந்த ஆய்வகத்துக்கு உண்மையிலேயே அதுதான் பெயர்) 1943இல் ஒரு எளிய வழியைக் கொடுத்தது. 20 அங்குல உயரப் பலகையில் நிமிடத்திற்கு 30 முறை வீதம் 5 நிமிடம் ஏறி இறங்கச் செய்து, பிறகு நாடித்துடிப்பை எண்ணுவது. பலகையும் கடிகாரமும் போதும். ஆனால் குட்டையான கால்களுக்கும் நெட்டையான கால்களுக்கும் ஒரே பலகை எப்படி நியாயமாகும் என்ற கேள்வி உடனே எழுந்தது.

போர் முடிந்தபின் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற மருத்துவர்களில் புரூனோ பால்கே ஒருவர். டெக்சாஸில் விமானப்படையின் மருத்துவப் பள்ளியிலும் பிறகு ஓக்லஹோமாவில் விமானப் போக்குவரத்துத் துறையின் ஆய்வு நிலையத்திலும் பணிபுரிந்தார். அவரது யோசனை நேரடியானது. குறுகிய ஓட்டத்தில் கடன் வாங்கிய ஆற்றல்தான் பெரும்பங்கு. ஓட்டம் நீள நீளக் கடனின் பங்கு குறைந்து, வேகத்தைப் பிராணவாயு மட்டுமே தீர்மானிக்கத் தொடங்குகிறது. ஆகவே போதிய நேரம் ஓடவிட்டு, கடந்த தூரத்தை அளந்தால் போதும், பையும் குழாயும் வேண்டாம். 1963இல் அவர் வெளியிட்ட அறிக்கை 15 நிமிட ஓட்டத்தைப் பரிந்துரைத்தது. விளையாட்டு உடலியல் துறைக்கு வெளியே அவர் பெயரை இன்று அதிகம்பேர் அறியார். பெயர் போனது, அதில் மூன்று நிமிடத்தைக் கழித்தவருக்கு.

*

கென்னத் கூப்பர் 1931இல் ஓக்லஹோமாவில் பிறந்தவர். பள்ளியிலும் கல்லூரியிலும் ஓடியவர். மருத்துவப் படிப்பும் வேலையும் அவரையும் மற்றவர்களைப்போல நாற்காலியில் உட்கார்த்தின. எடை கூடியது. இருபத்தொன்பதாவது வயதில் ஒரு நாள், பழைய நினைப்பில் நீர்ச்சறுக்குப் பலகைமேல் ஏறிப் படகை வேகமாக ஓட்டச் சொன்னார். சில நிமிடங்களில் தலைசுற்றி, குமட்டி, இதயம் படபடத்து, மாரடைப்பே வந்துவிட்டதாக எண்ணிக் கரையில் கிடந்தார். பரிசோதனையில் இதயத்தில் ஒன்றுமில்லை. உடல் பழக்கம் விட்டுப்போயிருந்தது, அவ்வளவே. எடையைக் குறைத்து மீண்டும் ஓடத் தொடங்கியவர், பாஸ்டன் மாரத்தான்வரை சென்றார்.

விமானப்படை மருத்துவராக டெக்சாஸின் சான் அன்டோனியோவில் பணிபுரிந்த காலத்தில் அவர்முன் இருந்த கேள்வி நிர்வாகம் சார்ந்தது. உலகெங்கும் சிதறிக்கிடக்கும் தளங்களில் உள்ள லட்சக்கணக்கான வீரர்களின் தாங்குதிறனை எப்படி அறிவது? 17 முதல் 52 வயதுவரையிலான 115 விமானப்படை ஆண்களை 12 நிமிடம் ஓடச் செய்து தூரத்தைக் குறித்தார். அதே ஆட்களை ஆய்வகத்தில் ட்ரெட்மில்லில் ஏற்றிப் பிராணவாயு உச்சவரம்பையும் அளந்தார். இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்த்தபோது தொடர்புக்கெழு 0.897 என வந்தது. முழுமையான ஒற்றுமை 1 என்றால், உயிருள்ள மனிதர்களை அளக்கும் துறையில் இது அரிதான எண். 1968 ஜனவரியில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அந்தக் கட்டுரை வெளியானது. மீட்டரில் கடந்த தூரத்திலிருந்து 504.9ஐக் கழித்து 44.73ஆல் வகுத்தால் பிராணவாயு உச்சவரம்பு கிடைக்கும் என்று இன்று உலகெங்கும் பயிற்றுநர்கள் போடும் கணக்கு அதிலிருந்து வந்ததுதான். 2400 மீட்டர் ஓடினால் 42. 2800 ஓடினால் 51.

அதே ஆண்டில் 'ஏரோபிக்ஸ்' என்ற நூலும் வந்தது. காற்றில் வாழும் நுண்ணுயிர்களைக் குறிக்கப் பாஸ்டர் 1860களில் ஆக்கிய சொல்லின் வாலில் ஓர் எழுத்தைச் சேர்த்து, உடற்பயிற்சியின் பெயராக மாற்றினார் கூப்பர். நூலில் ஓர் எளிய அட்டவணை இருந்தது. 12 நிமிடத்தில் ஒரு மைலுக்குக் குறைவு மிக மோசம், ஒன்றரை மைலைத் தொட்டால் நன்று, ஒன்றேமுக்காலைத் தாண்டினால் மிக நன்று. எந்தப் பயிற்சிக்கு எத்தனை புள்ளி, வாரத்துக்கு 30 புள்ளி சேர்ப்பது எப்படி என்ற கணக்கும் இருந்தது. கணக்குப் பிள்ளைகளின் நாடான அமெரிக்கா அதை வாரி எடுத்துக்கொண்டது.

இங்கே ஒரு கிளைக்கதை. போர்ட்டோ ரிக்கோவில் ஒரு விமானப்படைத் தளத்தில் வசித்த அதிகாரியின் மனைவி ஜாக்கி சோரன்சன், கூப்பரின் சோதனையை எடுத்துப் பார்த்தார். ஓடிப் பழக்கமில்லாதவர். ஆனால் சிறுவயது முதல் நடனமாடியவர். மதிப்பெண் மிக நன்றாக வந்தது. காரணம் நடனம்தான் என்று புரிந்துகொண்ட அவர் 1969இல் தளத்துப் பெண்களுக்குத் தொடங்கிய வகுப்புதான் ஏரோபிக் நடனம். பின்னாளில் தொலைக்காட்சியில் இறுக்கமான உடைகளோடு நாம் கண்ட காட்சிகளின் ஊற்றுக்கண் அது. கூப்பரின் 115 பேரில் பெண் ஒருவர்கூட இல்லை என்பதை இத்துடன் சேர்த்து வாசிக்க வேண்டும். பெண்களுக்கான நூலை அவர் தம் மனைவி மில்லியுடன் சேர்ந்து 1972இல்தான் எழுதினார்.

*

1970 உலகக்கோப்பைக் கால்பந்து மெக்சிகோவில், கடல்மட்டத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு மேலான உயரங்களில் நடந்தது. பிரேசில் அப்போது ராணுவ ஆட்சியில் இருந்தது. இடதுசாரியான பயிற்சியாளர் ஜோவா சல்தான்யா போட்டிக்குச் சில மாதங்கள் முன்பு நீக்கப்பட்டு மரியோ ஜகாலோ வந்தார். உடற்பயிற்சிக் குழுவில் இருந்த ராணுவக் கேப்டன் கிளாடியோ கோட்டின்யோ, அமெரிக்கா சென்று கூப்பரின் முறையைக் கற்றுவந்தவர். பந்தோடு பிறந்தவர்கள் என்று உலகம் நம்பிய பெலேயும் ஜெர்சனும் கடிகாரத்தைப் பார்த்துப் பன்னிரண்டு நிமிடம் ஓடினார்கள்.

அந்தத் தொடரில் பிரேசில் அடித்த 19 கோல்களில் 12 இரண்டாம் பாதியில் விழுந்தவை. இத்தாலியுடனான இறுதியாட்டத்தில் இடைவேளையின்போது 1-1. முடிவில் 4-1. மற்றவர்கள் மெலிந்த காற்றில் மூச்சுக்குத் திணறிய நேரத்தில் அவர்கள் ஓடினார்கள். அந்த ஆட்டத்தின் கலையழகைப் பற்றி எழுதியவர்கள் பலர். அழகுக்கு அடியில் இருந்த ராணுவக் கடிகாரத்தைக் குறிப்பிட்டவர்கள் குறைவு. அதைக் குறிப்பிடுவதால் அழகு குறைந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. பிரேசிலின் போர்த்துகீசிய மொழியில் 'கூப்பர்' என்பது மெல்லோட்டத்தைக் குறிக்கும் பொதுச்சொல்லாகவே ஆகிவிட்டது. காலையில் கடற்கரையில் 'கூப்பர் செய்யப்' போகிறவர்களில் பலருக்கு அது ஒரு மனிதரின் பெயர் என்பது தெரியாது.

பின்லாந்து கட்டாய ராணுவப் பணியுள்ள நாடு. 1970களிலிருந்து இளைஞர்கள் பணியில் சேரும்போது இந்த ஓட்டத்தை ஓடவைத்துக் குறித்துவருகிறார்கள். ஒரு தேசத்தின் ஆண்கள் எல்லோரையும் ஒரே அளவுகோலால் ஆண்டுதோறும் அளந்த ஏடு அது. 1979க்கும் 2004க்கும் இடையில் சராசரித் தூரம் சுமார் 12 சதவீதம் குறைந்துவிட்டதை அவர்கள் கண்டார்கள். பையன்கள் சற்றுக் கனமாகவும் ஆகியிருந்தார்கள். எந்தக் கவிதையும் தலைமுறை மாற்றத்தை இவ்வளவு கறாராகச் சொல்லியிராது.

*

இனி, அந்த எண் உண்மையில் எதை அளக்கிறது என்ற கேள்வி.

0.897 என்பதை வர்க்கப்படுத்தினால் ஏறக்குறைய 0.8. அதாவது ஓட்டத்தூரத்தில் மனிதர்க்கு மனிதர் காணும் வேறுபாட்டில் ஐந்தில் நான்கு பங்கைப் பிராணவாயு விளக்குகிறது. ஐந்தில் ஒரு பங்கு வேறெதிலோ இருக்கிறது. ஓட்டத்தின் சிக்கனம், வேகத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் பழக்கம், அன்றைய வெயில், முந்தைய இரவின் தூக்கம், எல்லாவற்றுக்கும் மேலாக விருப்பம். கூப்பரே இதை அறிந்திருந்தார். முழு முனைப்போடு ஓடாதவனிடம் சோதனை பொய்சொல்லும். பதினேழு வயதும் ஐம்பத்திரண்டும், பருமனும் ஒல்லியும் கலந்த கூட்டத்தில் கிடைத்த உயர்ந்த ஒற்றுமை, ஏறக்குறைய ஒரே திறனுள்ளவர்களை ஒப்பிடும்போது தளர்ந்துபோகிறது. ஒல்லியான பத்துப்பேரில் யார் மேல் என்று கேட்டால் இந்த எண் உறுதியாகச் சொல்லாது. தேர்வு வாரியங்கள் கேட்பதோ பெரும்பாலும் அந்தக் கேள்வியைத்தான்.

தென்னாப்பிரிக்க உடலியலாளர் டிம் நோக்ஸ் 1990களில் இன்னும் அடியில் கைவைத்தார். ஹில் கண்ட உச்சவரம்பே இதயத்தின் வரம்பல்ல, உடலைக் காக்க மூளை முன்கூட்டியே போடும் கடிவாளம் என்றார். துறையில் பெரும்பான்மையினர் அதை ஏற்கவில்லை. விவாதம் முடியவுமில்லை. எனக்கு அதில் பிடித்தது, நூறாண்டு அளந்தபின்னும் ஓடுகிறவன் ஏன் நிற்கிறான் என்ற எளிய கேள்விக்கு ஒருமித்த பதில் இல்லை என்பதுதான்.

எண்ணுக்கும் ஆயுளுக்கும் தொடர்பு உண்டா என்பது வேறு. லண்டனில் ஜெரமி மாரிஸ் 1953இலேயே, மாடிப் பேருந்தில் நாளெல்லாம் படியேறி இறங்கும் நடத்துநர்களைவிட உட்கார்ந்து ஓட்டும் ஓட்டுநர்களுக்கு மாரடைப்பு மிகுதி என்று காட்டியிருந்தார். கூப்பர் 1970இல் டல்லாஸில் தொடங்கிய மருத்துவ நிலையத்தின் ஏடுகளிலிருந்து ஸ்டீவன் பிளேர் குழுவினர் 1989இல் வெளியிட்ட ஆய்வு அதை நிறுவியது. 10,224 ஆண்கள், 3,120 பெண்கள், எட்டு ஆண்டுக்கும் மேலான தொடர்கவனிப்பு. தாங்குதிறனில் கடைசிப் பிரிவில் இருந்த ஆண்களின் இறப்பு விகிதம் முதல் பிரிவினரைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். பெண்களில் நான்கு மடங்குக்கும் மேல். கவனிக்க வேண்டியது, மிகப்பெரிய இறக்கம் கடைசிப் பிரிவுக்கும் அதற்கு அடுத்த பிரிவுக்கும் இடையில்தான் இருந்தது. மோசத்திலிருந்து சுமாருக்கு வருவதுதான் பெரிய லாபம். சுமாரிலிருந்து அபாரத்துக்குப் போவதில் ஆயுள் கணக்கில் கிடைப்பது சொற்பம்.

1984 ஜூலையில், ஓட்டத்தைப் பற்றிய நூலால் புகழ்பெற்ற ஜிம் ஃபிக்ஸ் தம் 52ஆம் வயதில் வெர்மாண்டின் ஒரு சாலையோரத்தில் ஓடிக்கொண்டிருக்கையில் மாரடைப்பில் இறந்தார். இதய நாளங்கள் மோசமாக அடைபட்டிருந்தன. அவர் தந்தையும் நாற்பதுகளில் இதயநோயால் மாண்டவர். நன்றாக ஓடுகிறவனின் இதயம் நன்றாக இருக்கிறது என்று பொருளல்ல என்பதை இதைவிடக் கொடூரமாகச் சொல்ல முடியாது. கூப்பர் அடுத்த ஆண்டே அந்த மரணத்தை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். வாரத்துக்குப் பதினைந்து மைலுக்கு மேல் ஓடுகிறவர் உடல்நலம் அல்லாத வேறு எதற்காகவோ ஓடுகிறார் என்று சொல்லும் இடத்துக்கு அவர் அந்தப் பத்தாண்டில் வந்துசேர்ந்தார். தன் கருத்தைத் தானே திருத்திக்கொள்ளும் பிரச்சாரகர்கள் அரிது.

*

பின்வந்த சோதனைகளை விரைவாகக் கடந்துவிடலாம். மொன்றியாலில் லூக் லெஜே 1982இல் வெளியிட்ட 20 மீட்டர் ஓட்டத்தில் ஒலிநாடாவின் 'பீப்' ஒலிக்கேற்ப இரு கோடுகளுக்கிடையே ஓட வேண்டும், ஒலிகளுக்கிடையிலான நேரம் குறைந்துகொண்டே வரும். டென்மார்க்கின் யென்ஸ் பாங்ஸ்போ அதில் பத்து விநாடி ஓய்வைச் சேர்த்து யோ-யோ சோதனையாக்கினார். ஓடி நின்று ஓடும் ஆட்டங்களுக்கு அது பொருத்தமானது. 2017 முதல் இந்தியக் கிரிக்கெட்டில் அந்தப் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்ததாயிற்று. 2018இல் ஐ.பி.எல்.லில் ரன் குவித்த அம்பத்தி ராயுடு யோ-யோவில் தவறியதால் இங்கிலாந்துப் பயணத்தை இழந்தபோது, மட்டையைப் பார்ப்பதா மூச்சைப் பார்ப்பதா என்று டீக்கடைகள்வரை விவாதம் நடந்தது.

கூப்பரின் அமெரிக்க விமானப்படையே 1992இல் ஓட்டத்தைக் கைவிட்டு நிலைச் சைக்கிள் சோதனைக்கு மாறி, 2004இல் மீண்டும் ஒன்றரை மைல் ஓட்டத்துக்குத் திரும்பியது.

ஆனால் கூப்பர் 1970இல் எழுதிய இரண்டாம் நூலில் உள்ள ஓர் அறிவுரையை ஓட்டத்தைக் கடன்வாங்கிய பலரும் கடன்வாங்கவில்லை. முப்பது வயதைக் கடந்தவர்கள், பழக்கமில்லாதவர்கள், எடுத்த எடுப்பில் சோதனையில் இறங்கக் கூடாது, ஆறு வாரத் தொடக்கப் பயிற்சிக்குப் பிறகே ஓட வேண்டும் என்றார் அவர். அவர் கருத்தில் சோதனை என்பது, நீ எங்கே நிற்கிறாய் என்று அறிந்து அங்கிருந்து தொடங்குவதற்கான வழி.

2024 ஆகஸ்ட் இறுதியில் ஜார்க்கண்ட் மாநிலத்தில் கலால் துறைக் காவலர் பணிக்கான உடற்தகுதித் தேர்வு தொடங்கியது. ஆண்கள் 10 கிலோமீட்டரை 60 நிமிடத்தில் ஓட வேண்டும். வேகமாகக் கணக்கிட்டால் பெரிதாகத் தோன்றாது. 12 நிமிடத்துக்கு 2 கிலோமீட்டர், கூப்பரின் அட்டவணையில் 'சுமார்' என்ற வகையின் வாசற்படி. ஆனால் அதை ஐந்து முறை தொடர்ந்து, மழைக்காலப் புழுக்கத்தில், வரிசையில் நெடுநேரம் காத்திருந்தபின் ஓடினார்கள். சில நாட்களில் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்தார்கள். ஊக்கமருந்து உட்கொண்டார்கள் என்றும் ஏற்பாடு போதவில்லை என்றும் இரு தரப்பும் பேசின. முதலமைச்சர் தேர்வைச் சில நாட்கள் நிறுத்திவைத்தார். அந்தப் பையன்கள் ஓடியது ஓர் அரசு வேலைக்காக. முழு முனைப்போடு ஓடாதவனிடம் சோதனை பொய்சொல்லும் என்ற பழைய எச்சரிக்கைக்கு அங்கே வேலையே இருக்கவில்லை. கூப்பரின் 115 விமானப்படையினருக்கு வேலை ஏற்கெனவே இருந்தது.

*

போன வாரம் துணிந்து நகராட்சி மைதானத்துக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். கூப்பரின் பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. நோட்டைக் காட்டினார். பக்கத்துக்கு ஒரு பையன். இடப்பக்கம் தேதி, வலப்பக்கம் நேரம், நடுவில் பென்சிலால் சின்னச் சின்னக் குறிப்புகள்: 'காய்ச்சல்', 'நைட் டூட்டி', 'சாப்பிடவில்லை'. ஏழு நிமிடக் கோட்டை நோட்டில் எங்கும் வரைந்து வைத்திருக்கவில்லை. புதிதாக வருகிறவனை முதல் மாதம் கடிகாரம் பார்த்து ஓடவிடுவதில்லையாம். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவன் ஓடிவந்து குனிந்து நின்றான். அவர் அவனுடைய பக்கத்தைப் புரட்டினார். "போன வாரம் ஏழு இருபத்தாறு. இன்னைக்கு ஏழு பதினொண்ணு. போய்த் தண்ணி குடி, உட்காராதே, நட."